சைரஸ் கொடுத்தது என்ன, கொடுக்காதது என்ன? பாரசீக ஆட்சியில் யூதர்கள்

ஈரான், இஸ்ரேல் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் 2,500 ஆண்டுகளுக்கு முந்தைய பாரசீக மன்னர் சைரஸின் பெயரும் கூடவே வந்துவிடுகிறது. 2018 மார்ச்சில் வெள்ளை மாளிகையில் பேசிய இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு, ஜெருசலேமைத் தலைநகராக அங்கீகரித்த டிரம்ப்பை சைரஸ் மன்னரின் வரிசையில் வைத்துப் பாராட்டினார். அதற்கு வெகுகாலம் முன்பே, 1971-இல், ஈரானின் மன்னர் ஷா அதே சைரஸின் பெயரில் பாரசீக முடியாட்சியின் 2,500-ஆம் ஆண்டைக் கொண்டாடினார். சைரஸின் களிமண் உருளை ஒன்றை ‘உலகின் முதல் மனித உரிமைச் சாசனம்’ என்று சொல்லும் பழக்கம் அப்போது பரவியது. இன்றும் அது வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பாபிலோனில் கைதிகளாக இருந்த யூதர்களை சைரஸ் விடுதலை செய்தார் என்றால் அவர்களுக்கு நாடு திரும்பக் கிடைத்ததா? கிடைக்கவில்லை. கோயில் கிடைத்தது, சொந்தச் சட்டப்படி வாழும் உரிமை கிடைத்தது. ராஜா கிடைக்கவில்லை, வரியும் நிற்கவில்லை. ராஜா இல்லாமலேயே கோயிலையும் வேதச்சுருளையும் வைத்துக்கொண்டு ஒரு சமூகம் தன்னை நடத்திக்கொள்ளப் பழகியது பாரசீகர் ஆண்ட இருநூறு ஆண்டுகளில்தான். அது எப்படி நடந்தது என்பதுதான் விஷயம்.

முதலில் சில சொற்கள்

1. நாடுகடத்தல்: பாபிலோன் மன்னர் நேபுகாத்நேச்சார் கி.மு. 597-இல் யூதா நாட்டு மன்னர் யோயாக்கீனையும் மேல்தட்டினரையும் கைதிகளாகக் கொண்டுபோனார். கி.மு. 586-இல் (587 என்றும் சிலர் கணக்கிடுவர்) ஜெருசலேம் கோயில் எரிக்கப்பட்டது, மேலும் பலர் கொண்டுபோகப்பட்டார்கள். தமிழ்க் கிறிஸ்தவர்கள் ‘பாபிலோன் சிறையிருப்பு’ என்று சொல்வது இதைத்தான்.

2. யெஹூத்: பழைய யூதா நாட்டின் ஒரு பகுதி பாரசீகர் காலத்தில் சிறு மாகாணமாக இருந்தது. அரசாங்க மொழியான அரமேயத்தில் அதன் பெயர் இது.

3. நதிக்கு அப்புறம்: யூப்ரடீஸ் நதிக்கு மேற்கே சிரியா, பினீசியா, பாலஸ்தீனம் எல்லாம் அடங்கிய பெரிய நிர்வாகப் பகுதி. அதில் யெஹூத் ஒரு துண்டு மட்டுமே.

4. சத்ரப், பெஹா: பெரும் பகுதியை ஆள்பவர் சத்ரப். அவருக்குக் கீழே மாகாணத்தை நடத்துகிற ஆளுநர் பெஹா.

தமிழ் பைபிளைத் திறந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே சைரஸ் ‘கோரேஸ்’, டேரியஸ் ‘தரியு’, அர்தசெர்க்சஸ் ‘அர்தசஷ்டா’.

பாபிலோனில் எப்படி வாழ்ந்தார்கள்?

சங்கிலி மாட்டிய அடிமைகள் என்ற படம்தான் பொதுவாக மனதில் வரும். கிடைத்திருக்கும் களிமண் பலகைகள் வேறு படத்தைக் காட்டுகின்றன. பாபிலோனின் அரண்மனைக் கணக்கில் யோயாக்கீன் மன்னருக்கும் அவர் மகன்களுக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த குறிப்பு இருக்கிறது. கைதிதான், ஆனால் ‘யூதாவின் ராஜா’ என்ற பட்டத்தோடு அரசாங்கப் படி வாங்கிய கைதி.

சாதாரண மக்களைப் பற்றி இன்னும் நல்ல சான்று உண்டு. தெற்கு மெசொப்பொத்தாமியாவில் அல்-யாஹுது, அதாவது ‘யூதா ஊர்’, என்றே ஒரு கிராமம் இருந்தது. அந்தக் கிராமத்தையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த பலகைகள் கி.மு. 572 முதல் 477 வரையிலான காலத்தவை. நிலக் குத்தகை, பார்லி கடன், பேரீச்சை பாக்கி, ஊழிய வரி, வாரிசுப் பங்கு என்று அன்றாட விவகாரங்களே அதில் நிறைய. அரசு நிலம் கொடுக்கும், பதிலுக்கு உழைப்பும் படைச் சேவையும் வாங்கிக்கொள்ளும். அவர்களால் ஊருக்குத் திரும்ப முடியாது, ஆனால் குடும்பம் நடத்த முடியும், சொத்து சேர்க்க முடியும். திரும்பலாம் என்ற அனுமதி வந்தபோது பெரும்பாலோர் ஏன் கிளம்பவில்லை என்பதற்குப் பதில் இங்கேயே இருக்கிறது.

உருளையில் என்ன எழுதியிருக்கிறது?

கி.மு. 539 அக்டோபரில் சைரஸ் பாபிலோனைப் பிடித்தார். அதையொட்டி எழுதப்பட்ட உருளை 1879-இல் பாபிலோன் இடிபாடுகளில் கிடைத்தது. இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

அதில் யூதர், யூதா, ஜெருசலேம் என்ற பெயர்களே கிடையாது. பேசப்படுவது பாபிலோனின் தெய்வமான மர்துக்கின் பெருமை. முந்தைய மன்னன் வழிபாட்டைக் கெடுத்தான், மர்துக் நல்ல மன்னனைத் தேடி சைரஸைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தார் என்று போகிறது. பிறகு டைக்ரிஸ் பக்கத்து ஊர்களின் சிலைகளை அந்தந்தக் கோயில்களுக்குத் திருப்பியதாகவும் அங்கிருந்த மக்களைத் திரும்ப அனுப்பியதாகவும் சொல்கிறது. புதிதாக வென்ற மன்னர் உள்ளூர்த் தெய்வத்தின் பெயரால் தன்னை நியாயப்படுத்துவது மெசொப்பொத்தாமியாவில் பழைய வழக்கம். மனித உரிமை என்ற எண்ணத்தை அதில் தேடுவது நம் காலத்து ஆசை.

அப்படியானால் பைபிளின் எஸ்றா நூலில் வரும், ஜெருசலேம் கோயிலைத் திரும்பக் கட்டச் சொல்லும் சைரஸின் ஆணை கட்டுக்கதையா? அப்படியும் தள்ளிவிட முடியாது. அந்த நூலில் ஆணை இரண்டு வடிவங்களில் வருகிறது. முதல் அதிகாரத்தில் எபிரேய மொழியில், பக்தி மணக்கும் அறிவிப்பாக. ஆறாம் அதிகாரத்தில் அரமேயத்தில், எக்பத்தானா நகரத்து ஆவணக் காப்பகத்தில் கிடைத்த அலுவலகக் குறிப்பாக: இத்தனை முழ உயரம், இத்தனை முழ அகலம், மூன்று வரிசைக் கல், ஒரு வரிசை மரம், செலவு அரச கஜானாவிலிருந்து. இரண்டாவதைப் பல ஆய்வாளர்கள் கூடுதலாக நம்புகிறார்கள். சாம்ராஜ்யத்தின் கணக்குப்பிள்ளை எழுதியது போலவே இருக்கிறது என்பது காரணம். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

ஏசாயா நூலின் 45-ஆம் அதிகாரம் சைரஸை ஆண்டவரின் ‘அபிஷேகம் பெற்றவர்’ என்கிறது. மேசியா என்ற அந்தப் பட்டத்தை எபிரேய பைபிள் யூதர் அல்லாத ஒரு மன்னருக்குக் கொடுத்தது இந்த ஒரு இடத்தில் மட்டும்தான். பாபிலோன் பூசாரிகள் மர்துக் தேர்ந்தெடுத்தார் என்றார்கள், யூதத் தீர்க்கதரிசி எங்கள் ஆண்டவர் தேர்ந்தெடுத்தார் என்றார். சைரஸுக்கு இரண்டிலும் ஆட்சேபம் இருந்திருக்காது.

கோயில் எழும்ப ஏன் இருபது ஆண்டுக்கு மேல்?

அனுமதி கி.மு. 538 வாக்கில். கோயில் முடிந்தது கி.மு. 515-இல், பாரசீக மன்னர் டேரியஸின் ஆறாம் ஆண்டில். நடுவில் ஏன் இவ்வளவு இழுபறி?

1. ஆளும் இல்லை, பணமும் இல்லை. எஸ்றா நூலின் பட்டியல் 42,360 பேர் திரும்பினார்கள் என்கிறது. அகழாய்வு அவ்வளவு பெரிய கூட்டத்தைக் காட்டவில்லை. பாரசீகர் காலத்து ஜெருசலேமில் சில நூறு பேரிலிருந்து ஓரிரு ஆயிரம் பேர்வரை இருந்திருக்கலாம் என்பதே ஆய்வாளர்களின் மதிப்பீடு. பட்டியல் பல தலைமுறைகளின் கூட்டுத்தொகை என்று விளக்குவோர் உண்டு.

2. உள்ளூரில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். நாடுகடத்தப்பட்டது எல்லோரும் அல்லர். விவசாயிகள் பலர் மண்ணிலேயே இருந்தார்கள், வடக்கே சமாரியாவில் அதே ஆண்டவரை வணங்குகிறவர்கள் இருந்தார்கள். ‘நாங்களும் சேர்ந்து கட்டுகிறோம்’ என்று அக்கம்பக்கத்தார் கேட்டதாகவும், திரும்பி வந்தவர்கள் மறுத்ததாகவும் எஸ்றா நூலே சொல்கிறது. பின்னாளைய சண்டைகளுக்கு விதை இங்கே விழுந்தது.

3. மேலதிகாரியின் விசாரணை. ஆளுநர் தத்னாய் நேரில் வந்து யார் அனுமதித்தது என்று கேட்டு மேலிடத்துக்கு எழுதினார். இந்த தத்னாய் கற்பனைப் பாத்திரம் அல்ல. கி.மு. 502-ஐச் சேர்ந்த பாபிலோனியப் பலகை ஒன்று அவரை ‘நதிக்கு அப்புறத்தின் ஆளுநர்’ என்று பெயர் சொல்லிக் குறிக்கிறது.

கடைசியில் வேலையை நகர்த்தியது கி.மு. 520-இல் ஆகாய், சகரியா என்ற இரண்டு தீர்க்கதரிசிகளின் பேச்சு. சாம்ராஜ்யம் முழுக்கக் கலகம் வெடித்து டேரியஸ் அப்போதுதான் அடக்கி முடித்திருந்தார். யெஹூத்தின் ஆளுநர் செருபாபேல், சிறைப்பட்ட யோயாக்கீன் மன்னரின் பேரன், அதாவது யூதாவின் பழைய ராஜாக்களான தாவீது வம்சம். அவரை ஆண்டவரின் ‘முத்திரை மோதிரம்’ ஆக்குவேன் என்று ஆகாய் வாக்குச் சொல்கிறார். அரசியல் நெடி இல்லாமல் இதைப் படிக்க முடியாது. ஆனால் கோயில் பிரதிஷ்டையை விவரிக்கும் இடத்தில் செருபாபேலின் பெயர் இல்லை. நீக்கப்பட்டாரா, இறந்தாரா, சும்மா பதவிக்காலம் முடிந்ததா என்று எந்த ஆவணமும் சொல்லவில்லை. அவருக்குப் பிறகு தாவீது வம்சம் யெஹூத்தை ஆளும் பேச்சு அடங்கிப்போனது.

வரி: இந்தக் கதையின் நடு நரம்பு

பாரசீகரின் ‘சகிப்புத்தன்மை’ பற்றி நிறைய எழுதுகிறார்கள். உள்ளூர்க் கோயிலை விட்டுவைத்தால் கலகம் குறையும், வசூல் ஒழுங்காக வரும் என்பது சாம்ராஜ்யத்தின் கணக்கு. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் தரும் பட்டியலில் பினீசியா, பாலஸ்தீன சிரியா, சைப்ரஸ் மூன்றும் சேர்ந்த பகுதி ஆண்டுக்கு 350 தாலந்து வெள்ளி கட்டியது. யெஹூத்தின் பங்கு அதில் அடக்கம்.

ஜெருசலேமுக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி ராமத் ராகேல் என்ற இடத்தில் ஒரு நிர்வாக மாளிகை இருந்தது. யெஹூத் முத்திரை குத்திய ஜாடிக் கைப்பிடிகள் நூற்றுக்கணக்கில் அங்கே கிடைத்திருக்கின்றன. திராட்சை ரசமும் எண்ணெயுமாக வரி வந்து சேர்ந்த கிடங்கு. அந்த மாளிகைத் தோட்டத்தின் பழைய சுவர்ப்பூச்சில் எத்ரோக் மரத்தின் மகரந்தம் அகப்பட்டது. எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த இந்தப் பழம் இந்தியப் பக்கமிருந்து பாரசீகம் வழியாக மேற்கே போனது. இன்று கூடாரப் பண்டிகையில் யூதர்கள் கையில் ஏந்துவது இதைத்தான்.

மாளிகையில் தோட்டம் இருந்தபோது வயலில் என்ன நிலை? யெஹூத்தின் ஆளுநராக இருந்த நெகேமியாவின் பெயரிலுள்ள பைபிள் நூலில், ஐந்தாம் அதிகாரத்தில், மக்கள் முறையிடுகிறார்கள். அதைப் படிப்படியாகப் பிரித்தால் இப்படி வரும்:

1. விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் வருகிறது.
2. சாப்பாட்டுக்கு தானியம் வாங்க வயலையும் வீட்டையும் அடகு வைக்கிறார்கள்.
3. ராஜாவின் வரியோ தள்ளிப்போகாது. அதற்கும் கடன் வாங்குகிறார்கள்.
4. கடன் கொடுப்பவர்கள் சொந்த இனத்துப் பணக்காரர்கள். நூற்றுக்கு ஒன்று வட்டி என்று ஒரு குறிப்பு வருகிறது, மாத வட்டியாக இருக்க வேண்டும்.
5. கட்ட முடியாதபோது பிள்ளைகளை அடிமைகளாகக் கொடுக்கிறார்கள்.

நெகேமியா அடகு நிலங்களைத் திருப்பிக் கொடுக்க வைத்தார். ஆளுநருக்குரிய படியையும் 12 ஆண்டுகள் வாங்கவில்லை என்கிறார். முந்தைய ஆளுநர்கள் 40 சேக்கல் வெள்ளிவரை பிடுங்கினார்களாம். ஆனால் ராஜாவின் வரியில் அவர் கை வைக்கவில்லை. வைக்க முடியாது, அவர் ராஜாவின் ஆள்.

நெகேமியாவும் எஸ்றாவும்

நெகேமியா பாரசீகத் தலைநகரங்களில் ஒன்றான சூசாவின் அரண்மனையில் மன்னர் முதலாம் அர்தசெர்க்சஸுக்குப் பானபாத்திரக்காரர். அரசரின் நம்பிக்கைக்குரிய பதவி அது. கி.மு. 445-இல் ஜெருசலேமுக்கு ஆளுநராக வந்து, 52 நாளில் மதிலை எழுப்பினார். பத்துப் பேருக்கு ஒருவர் என்று சீட்டுப்போட்டு நகரத்துக்குள் குடியேற்றினார்கள். ஓய்வுநாளில் மீன் கொண்டுவந்த தீரு நகரத்து வியாபாரிகளை வாசலுக்கு வெளியே நிறுத்தினார். சில ஆண்டுகளுக்கு முன்தான் எகிப்து ஏதென்ஸின் துணையோடு கலகம் செய்திருந்தது. எகிப்துக்குப் போகும் வழிக்குப் பக்கத்தில் விசுவாசமான, மதில் சூழ்ந்த ஒரு நகரம் அரசருக்கும் உதவும் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

எஸ்றா ஆசாரியர், அதாவது கோயில் பூசாரி; வேதபாரகர், அதாவது வேதத்தைக் கற்று விளக்குபவர். அவர் அர்தசஷ்டாவின் ஏழாம் ஆண்டில் வந்தார் என்கிறது நூல். அந்த அர்தசஷ்டா முதலாமவர் என்றால் கி.மு. 458, இரண்டாமவர் என்றால் கி.மு. 398. இந்தச் சர்ச்சை இன்னும் தீரவில்லை. எதுவானாலும் அவர் கையில் இருந்த அதிகாரக் கடிதம் முக்கியம். ‘உன் தேவனின் சட்டம்’, ‘ராஜாவின் சட்டம்’ இரண்டையும் மீறுகிறவர்களுக்கு மரணம், நாடுகடத்தல், அபராதம், சிறை என்று அது சொல்கிறது. வேதத்துக்குப் பின்னால் சாம்ராஜ்யத்தின் தடி நிற்கிறது. இதே போல எகிப்தில் உஜாஹோர்ரெஸ்நெட் என்ற எகிப்திய மருத்துவரை டேரியஸ் அனுப்பி அங்கத்திய கோயில் கல்விக்கூடத்தைச் சீர்செய்ய வைத்தார். அதனால் எஸ்றாவின் கதை பாரசீக நடைமுறைக்கு வெளியே போகவில்லை.

தண்ணீர் வாசல் முன்னே ஆண், பெண் எல்லோரும் கூடியிருக்க எஸ்றா சுருளை விரித்து வாசித்ததும், லேவியர்கள் (கோயில் பணியாளர்கள்) அதன் பொருளை விளக்கியதும் நெகேமியா நூலின் எட்டாம் அதிகாரத்தில் வருகிறது. ஆசாரியர் கோயிலுக்குள் செய்யும் பலியாக மட்டும் இருந்த மதம், வெளியே மைதானத்தில் வாசித்து விளங்கிக்கொள்ளும் மதமாகவும் ஆகிறது.

அப்புறம் வருவது சங்கடமான பகுதி: அந்நியப் பெண்களை மணந்தவர்கள் மனைவிகளை அனுப்பிவிட வேண்டும் என்ற தீர்மானம். நூற்றுக்கு மேற்பட்ட ஆண்களின் பெயர்ப் பட்டியலே இருக்கிறது. அனுப்பப்பட்ட பெண்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. ஏன் இவ்வளவு கடுமை?

1. மத காரணம்: அந்நிய வழிபாடு வீட்டுக்குள் நுழையும் என்ற பயம். நூல் வெளிப்படையாகச் சொல்வது இதுதான்.
2. சொத்துக் காரணம்: மூன்று நாளில் கூட்டத்துக்கு வராதவரின் உடைமைகள் பறிக்கப்படும், அவர் சபையிலிருந்து விலக்கப்படுவார் என்று அறிவிக்கிறார்கள். சபை உறுப்பினர் உரிமையும் நில உரிமையும் பின்னிக் கிடந்தன. கலப்பு மணத்தில் நிலம் வெளியே போகலாம்.
3. அரசியல் காரணம்: தலைமை ஆசாரியர் குடும்பத்துப் பேரன் ஒருவன் சமாரியாவின் ஆளுநர் சன்பல்லாத்துக்கு மருமகன். நெகேமியாவின் முதல் எதிரியும் அதே சன்பல்லாத்துதான்.

கி.மு. 451-இல் ஏதென்ஸும் தாய், தந்தை இருவரும் ஏதென்ஸைச் சேர்ந்தவராக இருந்தால்தான் குடியுரிமை என்று சட்டம் போட்டது. காலத்தின் போக்கு அது, ஆனால் யெஹூத்துக்குள்ளும் எல்லோரும் இதை ஏற்கவில்லை. மோவாப் நாட்டு அந்நியப் பெண் ஒருத்தியைத் தாவீதின் கொள்ளுப்பாட்டியாகக் காட்டும் பைபிளின் ரூத் கதை இந்தக் காலத்து மறுப்புக் குரல் என்று பலர் வாசிக்கிறார்கள். அந்நியரும் என் ஆலயத்துக்கு வரலாம் என்கிறது ஏசாயா 56.

நைல் நதித் தீவில் இன்னொரு யூத மதம்

எஸ்றா, நெகேமியாவை மட்டும் படித்தால் யூதர் எல்லோரும் இப்படித்தான் இருந்தார்கள் என்று தோன்றும். எகிப்தின் தென் எல்லையில், அஸ்வானுக்கு எதிரே உள்ள எலிஃபண்டைன் தீவில் பாரசீகருக்காகக் காவல் நின்ற யூதச் சிப்பாய்க் குடியிருப்பின் பாப்பிரஸ் தாள்கள் அந்த எண்ணத்தை உடைக்கின்றன. வேதம் ஒரே கோயில்தான் என்று சொல்லும்போது, இவர்களிடம் யாஹு என்று அவர்கள் அழைத்த அதே ஆண்டவருக்கு, பலிபீடத்தோடு, சொந்தக் கோயில் இருந்தது. பாரசீக மன்னர் கம்பைசஸ் கி.மு. 525-இல் வந்தபோதே அது இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

கோயிலுக்கு நன்கொடை கொடுத்தவர்களின் பட்டியலில் யாஹுவோடு அனத்பெத்தேல், எஷெம்பெத்தேல் என்ற தெய்வங்களுக்கும் பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். மிப்தாகியா என்ற யூதப் பெண் ஒரு வழக்கில் சாத்தி என்ற எகிப்திய தேவதையின் பேரில் சத்தியம் செய்கிறாள். அவளுக்குச் சொந்த வீடு இருந்தது. சபையில் எழுந்து ‘என் கணவனை வெறுக்கிறேன்’ என்று சொல்லி மணவிலக்குப் பெறும் உரிமையும் திருமணப் பத்திரத்தில் இருந்தது. மோசே பற்றியோ, தோரா என்ற மோசேயின் சட்டநூல் பற்றியோ இந்தத் தாள்களில் ஒரு குறிப்பும் இல்லை. கி.மு. 419-இல் ஹனனியா என்பவர் எழுதிய கடிதம் ஒன்று புளிப்பில்லாத அப்பத்தின் நாட்களை எப்படி அனுசரிப்பது என்று சொல்லித்தருகிறது.

கி.மு. 410-இல் பக்கத்தில் இருந்த, க்னும் என்ற எகிப்தியத் தெய்வத்தின் கோயில் பூசாரிகள் உள்ளூர்ப் பாரசீக அதிகாரி வித்ரங்காவோடு சேர்ந்து யாஹு கோயிலை இடித்தார்கள். எலிஃபண்டைன் யூதர்கள் ஜெருசலேம் தலைமை ஆசாரியர் யோகனானுக்கு எழுதினார்கள். பதிலே வரவில்லை. மூன்று ஆண்டு கழித்து யெஹூத்தின் ஆளுநர் பாகோஹிக்கும், சமாரியா ஆளுநர் சன்பல்லாத்தின் மகன்கள் தெலாயா, செலேமியாவுக்கும் எழுதினார்கள். நெகேமியா திட்டிய அதே சன்பல்லாத்து! மகன்களின் பெயர்களில் ஆண்டவரின் பெயரே ஒட்டியிருக்கிறது, எனவே அவரை வெறும் ‘அந்நியன்’ என்று ஒதுக்கிவிட முடியாது. சமாரியாவின் கெரிசீம் மலையில் அவர்கள் பக்கத்துக்கென்று ஒரு கோயில் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே எழும்பியதை அகழாய்வு காட்டியிருக்கிறது.

வந்த பதில் சாமர்த்தியமானது. பாகோஹியும் தெலாயாவும் கோயிலை மீண்டும் கட்டலாம், தானியக் காணிக்கையும் தூபமும் செலுத்தலாம் என்றார்கள். மிருகப் பலி பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஜெருசலேமுக்கு அதன் தனி உரிமை மிஞ்சியது, எகிப்தியருக்கும் சங்கடம் குறைந்தது. இறைவனுக்கு எதைப் படைக்கலாம் என்பதை இரண்டு மாகாண அரசாங்கங்கள் கடிதத்தில் முடிவு செய்திருக்கின்றன.

ஆசாரியர் பெயரில் காசு

கி.மு. நான்காம் நூற்றாண்டில் யெஹூத் சிறு வெள்ளிக்காசுகளை வெளியிட்டது. ஏதென்ஸ் காசைப் பார்த்து ஆந்தையைப் பதித்து, பக்கத்தில் ‘யெஹூத்’ என்று எழுதினார்கள். ஒரு காசில் ‘எசேக்கியா, ஆளுநர்’ என்றிருக்கிறது, இன்னொன்றில் ‘யோகனான், ஆசாரியர்’. ராஜாவின் இடம் காலியாக இருந்த நாட்டில் ஆசாரியர் காசடிக்கும் நிலைக்கு வந்துவிட்டார். கி.மு. 332-இல் அலெக்சாண்டர் வந்தபோது பாரசீக அதிகாரிகள் போனார்கள், தலைமை ஆசாரியர் பதவி அப்படியே நின்றது. அடுத்து வந்த கிரேக்க ஆட்சியாளர்களும் வரி, வழக்கு எல்லாவற்றுக்கும் அவரோடுதான் பேசினார்கள்.

திரும்பாதவர்கள்

பாபிலோனியாவின் நிப்பூர் நகரத்தில் முராஷு என்ற வணிகக் குடும்பத்தின் கடன், குத்தகைக் கணக்குகள் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் பின்பாதியைச் சேர்ந்தவை. அவற்றில் யூதப் பெயர்கள் கணிசமாக உண்டு. குத்தகைக்காரர், சாட்சி, சிறு அதிகாரி என்று அந்த மண்ணோடு கலந்துபோனவர்கள். அந்தச் சமூகம்தான் பல நூற்றாண்டுக்குப் பிறகு பாபிலோனியத் தால்முது என்ற யூதச் சட்ட விளக்கத் தொகுப்பை உருவாக்கியது.

யூதப் பெண் ஒருத்தி பாரசீக ராணியாகித் தன் இனத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லும், சூசா அரண்மனையில் நடக்கும் பைபிளின் எஸ்தர் கதைக்கு வெளிச் சான்று இல்லை. வரலாறாக அதைப் படிப்பது கடினம். ஆனால் அந்நிய ராஜாவின் அரண்மனையில் ஒரு தவறான ஆணையால் உயிர் போகலாம், சரியான நேரத்தில் சரியான ஆளிடம் பேசினால் பிழைக்கலாம் என்று வாழ்ந்த சமூகத்தின் நிலையை அது நன்றாகவே சொல்கிறது. சைரஸின் ஆணை கிடைத்ததாக எஸ்றா நூல் சொல்லும் எக்பத்தானா, இன்றைய ஈரானின் ஹமதான். எஸ்தர், அவளை வளர்த்த உறவினர் மொர்தெகாய் இருவரின் சமாதி என்று மரபு சொல்லும் கட்டடம் அந்த நகரத்தில் இருக்கிறது. ஈரானில் யூதர்கள் இன்னும் வாழ்கிறார்கள், நாடாளுமன்றத்தில் அவர்களுக்கென்று ஒரு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.